டாக்டர் நாக் கேட்காத கேள்வி

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் ரொமேன் எழுதிய ‘நாக், அல்லது மருத்துவத்தின் வெற்றி’ என்ற நையாண்டி நாடகம் 1923-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி பாரிஸில் அரங்கேறியது. லூயி ஜூவே என்ற புகழ்பெற்ற நடிகர் அதனை இயக்கி, நாயகன் வேடத்தையும் தாமே ஏற்றார். நூறாண்டைக் கடந்துவிட்ட அந்த நாடகத்தின் கதை, மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. ஆரோக்கியமான காற்று, உழைத்துப் பிழைக்கும் மக்கள், சளி காய்ச்சல் வந்தால் மட்டும் மருத்துவரை நினைக்கும் வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் சிறிது தூர இடைவெளியில் அமைந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் அறிந்த ஒருவர், அந்த ஊரை மனக்கண்ணில் காண அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

அங்கே நீண்டகாலம் மருத்துவம் பார்த்துச் சலித்துப்போன டாக்டர் பார்ப்பலே, வருமானமில்லாத தம் மருத்துவத் தொழிலைப் புதிதாகப் பட்டம் பெற்ற டாக்டர் நாக்கின் தலையில் கட்டிவிட்டு நகரத்துக்குப் போய்விடுகிறார். பணத்தைத் தவணையில் கொடுப்பதாக ஏற்பாடு. ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்தும் நாக் கலங்குவதில்லை. முதல் வேலையாகத் தண்டோரா போடுபவரை அழைக்கிறார். திங்கட்கிழமை காலைகளில் ஊராருக்கு இலவச மருத்துவ ஆலோசனை என்று முரசறையச் செய்கிறார். அடுத்து, பள்ளி ஆசிரியரை அழைத்துக் கிருமிகளைப் பற்றி ஊராருக்குச் சொற்பொழிவு ஆற்றச் சொல்கிறார். பிறகு மருந்துக்கடைக்காரர். இந்த மூவரையும் தம் பக்கம் சேர்த்துக்கொண்ட பின்னரே அவர் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குகிறார். (தமிழில் எழுதும்போது அவருடைய பெயர் நாக்கை நினைவூட்டுவது பொருத்தமே. நாடகம் முழுவதிலும் அவர் கத்தியைத் தொடுவதில்லை.)

மூன்று மாதங்கள் கழித்து, தவணைத் தொகையை வாங்க வரும் பழைய மருத்துவர் பார்ப்பலே தம் ஊரையே அடையாளம் காண முடியாமல் திகைக்கிறார். தங்கும் விடுதி மருத்துவமனையாக மாறியிருக்கிறது. இரவு பத்து மணி அடித்ததும், வட்டாரம் முழுவதிலும் 250 அறைகளில் ஒரே நேரத்தில் 250 வெப்பமானிகள் உடலின் சூட்டை அளக்கின்றன. எல்லோரும் ஏதோ ஒரு நோயாளி. நோயாளி அல்லாதவர் நோயாளிக்குத் துணை. நாடகம் முடியும்போது, பழைய மருத்துவருக்கே தம் உடல்நிலை பற்றி ஐயம் வந்துவிடுகிறது.

மருத்துவரைக் கேலி செய்வது மேடைக்குப் புதிதல்ல. 1673-இல் மோலியேர், தமக்கு எல்லா நோயும் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் ஒரு செல்வந்தரின் கதையை நாடகமாக்கி, அந்த வேடத்தில் தாமே நடித்தார். நான்காவது நிகழ்ச்சியின்போது மேடையிலேயே நோயின் கடுமை தாங்காமல் தளர்ந்து, அன்றிரவே உயிர் நீத்தார். அவருடைய நாடகங்களில் வரும் மருத்துவர்கள் புரியாத லத்தீனில் பேசி மிரட்டுபவர்கள். ரொமேனின் நாக் அவர்களிலிருந்து வேறுபட்டவர். அவர் எல்லோருக்கும் புரியும்படி பேசுகிறார். வரைபடம் வைத்திருக்கிறார். கணக்கு வைத்திருக்கிறார். 1923-இல் இது எதிர்காலத்தைப் பற்றிய நையாண்டி.

இந்த நாடகத்தைப் ‘போலி மருத்துவரைப் பற்றிய நாடகம்’ என்று சுருக்கிவிடுவது எளிது. நம் ஊடகங்களில் மருத்துவ மோசடி என்றதும் நினைவுக்கு வருவதும் போலி மருத்துவர்தான். பத்தாம் வகுப்புப் படித்துவிட்டு ஊசி போட்டவர் கைது என்ற செய்தி ஏதாவது ஒரு மாவட்டத்திலிருந்து அடிக்கடி வந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறையும் ரூ.5 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இலேயே நிறைவேறியது. அதற்கான விதிகள் வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

ஆனால், நாக் ஒரு காலத்தில் பட்டமில்லாமல் கப்பலில் மருத்துவம் பார்த்தவர் என்றாலும், அந்த ஊருக்கு வரும்போது முறையாகப் பட்டம் பெற்றவர். அவர் சட்டத்தை மீறுவதாக நாடகத்தில் எங்கும் இல்லை. அவர் சொல்வதில் பெரும்பகுதி பச்சைப் பொய்யும் அல்ல. கிருமிகள் இருப்பது உண்மை. நோய் வெளியே தெரியாமல் வளரக்கூடும் என்பதும் உண்மை. ஓரிடத்தில், பிறரது முகத்தில் நோயின் அறிகுறிகளைத் தேடித் தேடிப் பழகிவிட்டதால் கண்ணாடியில் தம்மைப் பார்த்துக்கொள்வதையே தவிர்ப்பதாகச் சொல்கிறார். அதாவது, தாம் விற்கும் அச்சத்தைத் தாமும் கொஞ்சம் நம்புகிறார். மோசடிக்காரரைக் கைது செய்யலாம். இவரை என்ன செய்வது?

இன்று தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தால், ‘முழு உடல் பரிசோதனை’ விளம்பரம் ஒன்றாவது கண்ணில் படும். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு அறுபது, எழுபது சோதனைகள். காலை உணவு இலவசம். தண்டோராவின் இடத்தைச் சுவரொட்டியும் கைப்பேசியும் பிடித்துக்கொண்டன. இதில் என்ன தவறு, முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே என்று கேட்பது இயல்பு.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான ரத்தப் பரிசோதனைகளில் ‘இயல்பான அளவு’ என்பது, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரின் அளவுகள் அடங்கும் எல்லையாக வகுக்கப்படுகிறது. அப்படியானால் எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்தச் சோதனை எல்லைக்கு வெளியே போகும். அது நோயல்ல, அளவை வகுத்த முறையின் விளைவு. இப்போது சோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்தால், முற்றிலும் ஆரோக்கியமான ஒருவருக்கு ஏதேனும் ஒன்றிலாவது ‘கோளாறு’ தென்படும் வாய்ப்பு 64 சதவீதம். 60 சோதனைகள் என்றால் 95 சதவீதம். நடைமுறையில் பல சோதனைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த எண் சற்றுக் குறையலாம். ஆனால், அறிக்கையில் தடித்த எழுத்தில் ஓர் எண்ணும் இல்லாமல் வீடு திரும்புபவர் அபூர்வம் என்பதற்கு இதுவே காரணம். அந்த ஓர் எண்ணிலிருந்து அடுத்த சோதனை, அதிலிருந்து ஸ்கேன், அதிலிருந்து நிபுணர். இதில் எவரும் பொய் சொல்லவில்லை. நாக்கின் ஊர் இப்படித்தான் உருவாகிறது.

இது வெறும் கற்பனையல்ல என்பதற்குத் தென்கொரியா சான்று. 1999-இல் அந்நாட்டு அரசு தேசிய அளவில் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தைத் தொடங்கியது. அதில் தைராய்டு இடம்பெறவில்லை. ஆனால், சிறிது கூடுதல் கட்டணத்துக்குக் கழுத்தையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்று மருத்துவமனைகள் அழைத்தன. விளைவு: 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு. அந்நோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தராமல் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடுபவர்களாயினர். 2014-இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே ஒன்றுகூடி இதனை வெளிப்படையாக எதிர்த்த பிறகு, ஒரே ஆண்டில் அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அதிகாரத்தில் இருப்பவர்களே அதிகாரத்தைக் கேள்வி கேட்டதால் நிகழ்ந்தது இது.

எல்லைக்கோட்டை நகர்த்துவதன் மூலமும் நோயாளிகளை உருவாக்க முடியும். 2017-இல் அமெரிக்க இதயநல அமைப்புகள் உயர் ரத்த அழுத்தத்துக்கான வரம்பை 140/90 என்பதிலிருந்து 130/80 என்று குறைத்தன. மறுநாளே அந்நாட்டு வயதுவந்தோரில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 32 சதவீதத்திலிருந்து 46 சதவீதம் ஆயினர். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தல்ல, வாழ்க்கைமுறை மாற்றமே பரிந்துரை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆயினும், முந்தைய நாள் வரை நலமாக உறங்கியவர் இன்று நோயாளியாக உறங்கப் போகிறார்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நிகழ்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் இது 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. 10 முதல் 15 சதவீதமே போதுமானது என்று உலக சுகாதார அமைப்பு 1985-இலேயே கருத்துத் தெரிவித்தது. அந்த அளவுகோல் காலத்துக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டியது என்பவர்கள் உண்டு. இருந்தாலும், 15-க்கும் 60-க்கும் இடையிலுள்ள தூரத்தைத் தாய்மார்களின் உடல்வாகால் மட்டும் விளக்கிவிட முடியாது. ‘தண்ணீர் வற்றிவிட்டது’, ‘கொடி சுற்றியிருக்கிறது’ என்று நள்ளிரவில் சொல்லப்படும் ஒரு வாக்கியத்தை மறுத்துப் பேசும் தைரியம் எந்தக் குடும்பத்துக்கு இருக்கிறது? அந்த வாக்கியம் உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் அதன் வலிமை.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. பார்ப்பலேயைப்போல எதையும் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடும் மருத்துவமும் ஆட்களைக் கொல்லும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. கால் புண் ஆறாமல் வந்து பார்க்கும்போதுதான் சர்க்கரை இருப்பதே தெரிகிறது என்ற நிலை நம் கிராமங்களில் இன்னும் மாறவில்லை. அதனால்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வீட்டு வாசலுக்கே சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மாத்திரை கொடுப்பதை நாக்கின் வேலையோடு ஒப்பிட முடியாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நலமாக இருப்பதாக நினைப்பவரின் கதவைத் தட்டுவது, நோயைச் சொல்வது, மருந்தைக் கொடுப்பது. வேறுபாடு, கதவைத் தட்டுபவர் எதைக் கேட்கிறார் என்பதில் இருக்கிறது.

நாடகத்தின் மிகக் கூர்மையான காட்சி அதைத்தான் காட்டுகிறது. இலவச ஆலோசனைக்கு வரும் விவசாயப் பெண்மணி ஒருவரிடம் நாக் வரிசையாகக் கேள்விகள் கேட்கிறார். நிலம் எவ்வளவு? மாடுகள் எத்தனை? கோழி, பன்றி உண்டா? அந்தப் பெண்மணி, தம் உழைப்பின் சுமையை மருத்துவர் அக்கறையோடு விசாரிப்பதாக நினைத்து மகிழ்ந்து பதில் சொல்கிறார். பிறகு, அவர் சிறுவயதில் ஏணியிலிருந்து விழுந்திருக்க வேண்டும் என்று நாக்கே ‘கண்டுபிடிக்கிறார்’. சிகிச்சைக்கு ஆகும் செலவை ரூபாய் பைசாவில் அல்ல, பன்றிக் கணக்கிலும் கன்றுக் கணக்கிலும் சொல்கிறார். முதல் கேள்விகள் எதற்கு என்பது அப்போதுதான் அரங்கத்துக்குப் புரிகிறது. அந்தப் பெண்மணிக்குப் புரிவதேயில்லை.

இன்று அந்தக் கேள்வியின் வடிவம் ‘காப்பீடு இருக்கிறதா?’ என்பது. தமிழ்நாட்டில் அரசுக் காப்பீடு 2009-இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக நடைமுறையில் இருக்கிறது. ஏழைக் குடும்பங்கள் இதய அறுவை சிகிச்சை பெறுவதை அது சாத்தியமாக்கியது. அதை மறுப்பவர் நன்றி மறந்தவர். ஆயினும், நோய் என்ன என்று கேட்பதற்கு முன் அட்டை இருக்கிறதா என்று கேட்கும் வரவேற்பு மேசையை அறியாத குடும்பம் இன்று குறைவு. அட்டையில் உள்ள தொகையும் சிகிச்சைச் செலவும் வியக்கத்தக்க வகையில் பொருந்திப்போவதையும் பலர் பார்த்திருப்பார்கள்.

இப்படி ஏமாறுபவர்களைப் பற்றிப் பேசும்போது, ‘படிக்காத மக்கள், என்ன செய்வது’ என்று முடித்துவிடும் வழக்கம் படித்தவர்களிடம் இருக்கிறது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று அடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்தாம். ஆனால், எளிதில் நம்பிவிடுவது படிக்காதவர்களின் குணம் என்ற எண்ணத்தை இந்த ராஜபாளையம் வட்டாரமே முப்பதாண்டுகளுக்கு முன் தகர்த்துக்காட்டியது. அது மருத்துவம் தொடர்பானதல்ல. ஆனால் மூலிகை தொடர்பானது.

1996-இல், ராஜபாளையம் பகுதியின் இடையன்குளம் என்ற சிற்றூரைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையைக் கொண்டு தண்ணீரை எரிபொருளாக்க முடியும் என்று அறிவித்தார். இலையைப் போட்டுத் தண்ணீரைக் காய்ச்சி, சில பொருள்களைச் சேர்த்துக் கிளறினால் மேலே எரிபொருள் மிதக்கும். இந்தச் செய்தி அந்த மண்ணில் முளைத்தது தற்செயலல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, சித்தர்களின் இருப்பிடம் என்று மக்கள் போற்றும் சதுரகிரி இருக்கிறது. அந்த மலையில் அரிய மூலிகைகள் உண்டு என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வருவது. மலையையும் மூலிகையையும் சொன்னால், மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். (சித்த மருத்துவத்தை இந்த விவகாரத்தோடு சேர்த்துப் பேசுவது அநீதி. பாளையங்கோட்டையில் 1964 முதல் அதற்கென்று அரசுக் கல்லூரி இயங்கிவருகிறது.)

ஆனால், ராமர் பிள்ளையை நாடறியச் செய்தவர்கள் சதுரகிரிக்கு மாலை போட்டுச் செல்லும் பக்தர்கள் அல்லர். தில்லியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையினர் முன்னிலையில் அவர் செய்துகாட்டினார், அங்கிருந்தவர்கள் வியந்தனர், செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. தமிழன் கண்டுபிடித்தான், வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்கள் தடுக்கின்றன என்ற கதையும் கூடவே பிறந்தது. அந்தக் கதை இன்றும் கைப்பேசிகளில் உலவுகிறது. அதே ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த சோதனையில்தான் குட்டு வெளிப்பட்டது. கிளறப் பயன்படுத்திய கோல் உள்ளே குழாய்போல் இருந்தது. அதற்குள் எரிபொருளை வைத்து முனையை மெழுகால் அடைத்திருந்தார். சூட்டில் மெழுகு உருகியதும் எரிபொருள் வெளியேறியது என்று அறிவியலாளர்கள் விளக்கினர்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவர் பெயரிலேயே எரிபொருள் விற்பனைக்கு வந்தது. விநியோக உரிமைக்காகப் பலர் பணம் கட்டினர். அது டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்று ஆய்வில் தெரியவந்தது. ரூ.2.27 கோடி வசூலித்ததாக மத்தியப் புலனாய்வுத் துறை தொடர்ந்த வழக்கில், 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கும் மேலும் நால்வருக்கும் தலா 3 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. ஐ.ஐ.டி. சோதனைக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 20 ஆண்டுகள்.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது, எல்லோரும் பாத்திரத்தைப் பார்த்தார்கள், இலையைப் பார்த்தார்கள், சுடரைப் பார்த்தார்கள் என்பதுதான். கோலைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றிய பிறகே உண்மை வெளிவந்தது. அவ்வாறு பார்ப்பதற்குப் பெரும் அறிவியல் தேவையில்லை. கேட்க உரிமையுள்ள இடத்தில், கேட்கத் துணிந்த ஒருவர் இருந்தால் போதும். கொரியாவில் நிகழ்ந்ததும் இதுவே. நாடகத்தில் நாக்கின் ஊரில் இல்லாமல் போனதும் இதுவே. அங்கே மருத்துவரைச் சரிபார்க்கக்கூடிய இருவர், மருந்துக்கடைக்காரரும் ஆசிரியரும். ஒருவருக்கு வருமானம் கூடியது. மற்றவரோ தமக்கே கிருமி தொற்றியிருக்குமோ என்று அஞ்சினார். கேலி செய்ய வந்த இரண்டு வாலிபர்கள்கூட வாயடைத்து வெளியேறினர். இவற்றுக்குப் பிறகு அந்த விவசாயப் பெண்மணி யாரிடம் போய்க் கேட்பார்? அவருடைய நம்பிக்கையை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரிபார்க்க வழியில்லாதவருக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

சட்டப் புத்தகத்தில் வழி இருக்கிறது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை எடுத்துச் சொல்லிப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று உச்சநீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவுபடுத்தியது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதையும் சிகிச்சை ஆவணங்களைப் பெறுவதையும் உரிமைகளாகவே வகுத்திருக்கிறது. மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குப் பரிசும் பயணமும் அளிப்பதைத் தடுக்கும் விதித்தொகுப்பு 2024 மார்ச்சில் வெளியானது. 2024-இலேயே, பதஞ்சலி நிறுவனத்தார் தவறான மருத்துவ விளம்பரங்களுக்காக உச்சநீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்கவும் செய்தித்தாள்களில் அதை வெளியிடவும் நேர்ந்தது. எல்லாம் நல்லவையே. ஆனால், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி தம் மருத்துவரிடம் ‘இதை இன்னொருவரிடமும் காட்டிக் கேட்கலாமா ஐயா’ என்று சொல்லிவிட்டு, அதே மருத்துவரிடம் மறுமுறை கூச்சமின்றிப் போய் உட்கார முடியுமா என்பதில்தான் இவற்றின் மதிப்பு இருக்கிறது.

நூற்பாலைத் தொழிலாளியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1936-இல் ராஜபாளையம் மில் தோன்றியது முதல் பஞ்சாலைகளோடு வளர்ந்த ஊர் இது. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்வது மருத்துவமனைகளுக்கான காஸ் துணியும் பேண்டேஜும். நாட்டின் பல பகுதிகளில் காயத்துக்குக் கட்டும் துணி இங்கிருந்து போகிறது. மருத்துவத்துக்காகவே இரவு பகலாக நெய்யும் ஊர் என்று சொன்னால் மிகையில்லை.

பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வரும் ஒரு நுரையீரல் நோய் உண்டு. பிசினோசிஸ் என்பது அதன் பெயர். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையிலும் அது இடம்பெற்றிருந்தது. அந்தச் சட்டம் இயற்றப்பட்டதும் நாக் அரங்கேறிய அதே 1923-ஆம் ஆண்டில்தான். இந்நோயின் தொடக்க அடையாளம் விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். அடுத்தடுத்த நாள்களில் குறைந்துவிடும். விடுமுறைக்குப் பின் மீண்டும் வரும். அதனால்தான் பஞ்சாலை நகரங்களில் அதனைத் திங்கட்கிழமை நோய் என்று அழைத்தனர். ஆரம்பத்திலேயே கண்டு தூசியிலிருந்து விலக்கினால் மீளலாம். முற்றிவிட்டால், புகைபிடித்துக் கெட்ட நுரையீரலுக்கும் இதற்கும் வேறுபாடே தெரியாது. மருத்துவரும் ‘பீடியை விடுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

இந்த நோயை ரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்க முடியாது. அறுபது சோதனைகள் அடங்கிய தொகுப்பைச் செய்தாலும் வைட்டமின் டி குறைவு என்று தெரியவரும். நெஞ்சு ஏன் குறிப்பிட்ட நாளில் மட்டும் இறுகுகிறது என்பது தெரியவராது. அதற்கு இரண்டே தேவை. என்ன வேலை செய்கிறீர்கள், எந்த நாளில் மூச்சு முட்டுகிறது என்ற கேள்விகள். ஊதிப்பார்க்கும் எளிய நுரையீரல் அளவி. நாக் அந்தப் பெண்மணியிடம் மாடுகளின் எண்ணிக்கையைக் கேட்டார். வேலையைப் பற்றிய கேள்வியைப் பணத்துக்காகக் கேட்க முடியும் என்றால், நோய்க்காகவும் கேட்க முடியும்.

நாடகத்தை ஒருமுறை தமிழில் இங்கே மேடையேற்றினால் என்ன என்றும் தோன்றுகிறது. மோலியேரின் நகைச்சுவையைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘காளப்பன் கள்ளத்தனம்’ ஆக்கித் தமிழர்களைச் சிரிக்கவைத்ததுண்டு. சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா தம் வீட்டையே கொடையாக அளித்து உருவான காந்தி கலை மன்றம் ராஜபாளையத்தில் இருக்கிறது. மருத்துவர்களையும் அழைக்கலாம், நல்ல மருத்துவர்களே இந்த நாடகத்துக்கு அதிகம் சிரிப்பார்கள் என்பது என் ஊகம். அவசரமில்லாதவரிடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லி, அதற்குக் கட்டணம் வாங்கவும் கூச்சப்பட்டு, கைராசியில்லாதவர் என்று பெயரும் வாங்கியவர்கள் இந்த இரண்டு ஊர்களிலும் இருக்கவே செய்வார்கள்.

அதைவிட எளிதான ஒன்றும் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தின் தொடர்ச்சியாக, பணியிடங்களுக்கே சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024-இல் தொடங்கப்பட்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சத்திரப்பட்டி வட்டாரத்து ஆலைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் போகும் அந்த அணி, நுரையீரல் அளவியையும் கேள்விகள் அச்சிட்ட ஒரு தாளையும் கையில் எடுத்துச் செல்லலாம். பணி தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை ஊதச் சொன்னால் போதும். விடுமுறைக்கு அடுத்த நாளாகப் பார்த்துப் போக வேண்டும். அறிக்கையின் நகல் ஒன்று தொழிலாளியின் கையில் தமிழில் இருக்க வேண்டும்.